சின்னக் கல்லுக்கு ஒரு வரி

மகேஸ்வரன் அண்ணையின் வீட்டு பேஸ்மென்றில் நான் பதினைந்து வருடமாகக் குடியிருக்கிறேன். ரொறன்ரோவின் கிழக்கே வோபர்னில், மார்க்கம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெரு. மேலே அவரும் தவமலர் அக்காவும் மகள் தேனுகாவும். போன வருடம் வைகாசி வரைக்கும் மகன் அபிஷனும் இருந்தான். கீழே நான் தனி ஆள். எனக்கும் ஒரு கலியாணம் நடந்து சரிவராமல் போனது, அதைப்பற்றி இப்போது யாரும் கேட்பதில்லை. வீட்டைச் சூடாக்குகிற காற்றுக்குழாய் மேல்வீட்டுக் கதையை எல்லாம் ஒன்று விடாமல் கீழே கொண்டுவந்து தரும். நான் ஒட்டுக்கேட்கிற ஆள் இல்லை. ஆனால் இருக்கிற காதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அண்ணைக்கும் எனக்கும் நகரத்துக்கு மேற்கே, பிறம்ரனில் ஒரே வெயார்ஹவுசில் வேலை. காலை ஆறு மணிக்கு ஷிஃப்ற். ஐந்து மணிக்கு அவருடைய காரில் ஏறினால், 401 நெடுஞ்சாலையில் பெரிய லொறிகளுக்கு நடுவே ஒரு மணித்தியாலம் போகவேண்டும். முந்தியெல்லாம் தமிழ் வானொலியைப் போட்டுவிட்டுப் பேசாமல் ஓட்டுவார். அபிஷன் போனபிறகு வானொலி நின்றுவிட்டது. அவர் கதைக்கத் தொடங்கினார். கதைத்ததெல்லாம் இங்கிலாந்தில் உள்ள ஒரு கால்பந்துக் கழகத்தைப் பற்றித்தான்.

"கிருபன், உனக்குத் தெரியுமே? எவர்ட்டன்காரர் முதல் விளையாடினது இப்ப லிவர்பூல்காரர் விளையாடுற கிறவுண்டிலைதான். வாடகைப் பிரச்சினை வந்திட்டுது. உன்ரை கிறவுண்டை நீயே வைச்சிரு எண்டுபோட்டு எழும்பிப் போய், ஒரு பார்க்குக்கு அங்காலை சொந்தமா ஒண்டு கட்டினாங்கள். குடிசன் பார்க். ஆயிரத்தி எண்ணூற்றித் தொண்ணூற்றி ரெண்டிலை."

"வீட்டுக்காரர் எல்லா நாட்டிலையும் ஒண்டுதான் அண்ணை" என்றேன்.

"பகிடியை விடு. ஆளில்லாத கிறவுண்டை வைச்சு வீட்டுக்காரன் என்ன செய்யிறது? அவன் புதுசா ஒரு ரீமைத் துவங்கினான். அதுதான் லிவர்பூல். இப்ப அங்கை ஒரே வீட்டுக்குள்ளையே ஒருத்தன் சிவப்பு, மற்றவன் நீலமாம். அடிபடமாட்டினமாம், பக்கத்திலை பக்கத்திலை இருந்து பாப்பினமாம்."

இன்னொரு நாள் தேவாலயக் கதை வரும். ஒரு தேவாலயத்துப் பெடியள்தான் அந்தக் கழகத்தைத் தொடங்கினவர்களாம். குடிசன் பார்க்கின் ஒரு மூலையில் வேறொரு தேவாலயம், மைதானத்தோடு ஒட்டிக்கொண்டே நிற்குமாம். மற்றொரு நாள் ஒரு பருவத்தில் அறுபது கோல் அடித்த பழைய ஆட்டக்காரரின் கதை. அவர் கிழவனாகி, அதே மைதானத்தில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோதே உயிர் விட்டாராம். "குடுத்து வைச்ச சாவு" என்றார் அண்ணை.

எனக்குப் பந்து விளையாட்டில் பெரிய பிடிப்பில்லை. அண்ணைக்கும் இருந்ததில்லை. அது மகனுடைய பைத்தியம்.

அபிஷனுக்கு எட்டு வயதில் பிடித்தது அது. வகுப்பில் மற்றப் பிள்ளைகளெல்லாம் கப் எடுக்கிற ரீம்களைப் பிடித்துக்கொண்டிருக்க, இவன் எவர்ட்டனைத் தெரிந்தெடுத்தான். காரணம் ரொபி என்கிற இனிப்பு. ஆட்டம் தொடங்க முதல் பழைய காலத்து உடுப்புப் போட்ட ஒரு பெண் மைதானத்தைச் சுற்றி நடந்து சனத்துக்கு இனிப்பு எறிவாளாம். அதை எங்கேயோ வாசித்துவிட்டு வந்து, "அங்கிள், தே துறோ கன்டி!" என்று பேஸ்மென்றுக்கு ஓடிவந்து சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அந்தக் கழகம் கடைசியாகக் கப் எடுத்தது அவன் பிறப்பதற்கு ஒன்பது வருடம் முந்தி. அது அவனுக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை.

இங்கிலாந்தில் மத்தியானம் நடக்கிற ஆட்டம் எங்களுக்குச் சனிக்கிழமை காலை ஏழரைக்கு வரும். வார நாள் முழுக்க எழுப்ப எழுப்ப எழும்பாதவன், சனிக்கிழமை தானாக எழும்பி நீலச் சட்டையோடு ரீவிக்கு முன்னால் இருப்பான். அண்ணை தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து நின்று நக்கல் அடிப்பார். "உந்தத் தோல்வியைப் பாக்கவோ விடியக் காலமை எழும்பினனி? ரொபிக்கு ஆசைப்பட்டுப் போய் விழுந்தியேடா." பன்னிரண்டு வருடம் இதே நக்கல். ஒரு நாளாவது பக்கத்தில் இருந்து முழு ஆட்டம் பார்த்ததில்லை. அதுதான் பிறகு அவரை அரித்தது.

அவனுக்கு இருபது வயதில் இரத்தப் புற்றுநோய் வந்தது. டவுண்ரவுணில் ஒரு பெரிய ஆசுப்பத்திரி. பதின்மூன்று மாதம். அண்ணை ஷிஃப்ற் முடிந்ததும் நேரே அங்கே போய்விடுவார். தவம் அக்கா ரேக் அவுட் கடையில் இடியப்பம் அவிக்கிற வேலையை விட்டுவிட்டு அங்கேயே கிடந்தார்.

போன வருடம் மே மாதம், ஒரு ஞாயிறு காலை ஏழு மணிக்கு, குடிசன் பார்க்கில் கடைசி ஆட்டம். நூற்று முப்பது வருடத்துக்கு மேல் இருந்த இடத்தை விட்டு, ஆற்றங்கரையில் கட்டிய புது மைதானத்துக்குப் போகிறார்கள். அன்றைக்கு அண்ணை கட்டில் ஓரத்தில் இருந்து, மகனுடைய போனில், முதல் முறையாக ஒரு ஆட்டத்தை முடியுமட்டும் பார்த்தார். இதை அவர் எனக்குக் காரில் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று எனக்கே கணக்கில்லை.

"ரெண்டு கோல் அடிச்சு வெண்டு போட்டாங்கள் கிருபன். பாத்தால் எல்லாரும் அழுகிறாங்கள். கிழடு கட்டையள் எல்லாம். வெண்டுபோட்டு ஏனடா அழுகிறாங்கள் எண்டு கேட்டன். 'தே ஆர் லீவிங் ஹோம், அப்பா' எண்டான். வீட்டை விட்டு வாறதைப் பற்றி எனக்கு அவன் சொல்லித் தாறான். பிறகு கேட்டான், 'ஓகஸ்டிலை புதுக் கிறவுண்ட் திறக்கினம், கான் வீ கோ?' எண்டு. நீ எழும்பு, ரெண்டு பேரும் போவம் எண்டன்."

அதிலிருந்து பதினேழாம் நாள் அவன் போய்விட்டான்.

அதற்குப் பிறகுதான் அண்ணை அந்தக் கழகத்தின் சரித்திரத்தைப் படிக்கத் தொடங்கினார். ஆங்கிலத்தில் மெதுவாக, ஒரு சொல்லுக்கு ஒரு தரம் கண்ணாடியைக் கழற்றிப் போட்டு. ஐப்பசியில் ஒரு காலை, மழை கார்க் கண்ணாடியில் அடித்துக்கொண்டிருக்க, அவர் சொன்னார்.

"செத்தவையின்ரை சாம்பலை அந்தக் கிறவுண்டுக் கரையிலை தாட்டிருக்கிறாங்கள் கிருபன். நூற்றுக்கணக்கிலை. பிறகு இடமில்லாமல் நிப்பாட்டிப் போட்டாங்களாம். எங்கடையனுக்கு இது தெரிஞ்சிருக்கும். எனக்கு அவன் ஒரு சொல்லுச் சொல்லேல்லை."

"நாங்கள் ஏரியிலை கரைச்சாச்சு அண்ணை."

"ஓம். முழுக்கக் கரைச்சாச்சு."

நெடுஞ்சாலையிலிருந்து நாங்கள் இறங்கவேண்டிய வெளிவாசலை அவர் விட்டுவிட்டார். அடுத்ததில் இறங்கித் திரும்பி வந்தோம், அன்றைக்கு வேலைக்குப் பத்து நிமிடம் பிந்தியது.

தை மாதம், வெளியே மைனஸ் பத்தொன்பது. லொறி வந்து முட்டுகிற கதவுகள் திறக்கும்போதெல்லாம் குளிர் முழங்காலில் வந்து ஏறும். சாப்பாட்டு அறையில் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அண்ணை போனை என் பக்கம் தள்ளினார். புது மைதானத்துக்கு வெளியே ஆதரவாளர்களின் பெயரைப் பொறித்துக் கல் பதிக்கிறார்கள். அதற்கு ஒரு படிவம்.

"இதிலை அவன்ரை பேர் போடோணும். கூட்டிக்கொண்டு போகத்தான் குடுத்து வைக்கேல்லை, பேராவது அங்கை கிடக்கட்டும். தேனுகாவிட்டைக் கேட்டால் அழுவாள். தவத்துக்கும் சொல்லாதை. ஆட்டைத் திவசத்தண்டு காட்டுவம்."

பெட்டி வெட்டி வெட்டித் தழும்பு பிடித்த விரலால் அவர் ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினார். நான் வாசித்துச் சொன்னேன்.

"முழுப்பேர் கொள்ளாது அண்ணை. சின்னக் கல்லுக்கு ஒரு வரிதான். கொஞ்ச எழுத்து மிஞ்சுது."

"அப்ப?"

"ஒண்டைச் சுருக்கோணும். லாஸ்ற் நேமிலை கை வையாதேங்கோ, அதுதான் சட்டப்படி பேர். முதல் பேரைச் சுருக்கலாம்."

இதைச் சொன்னவன் நான்தான். மறைத்து என்ன பயன்?

எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. எங்கள் வழக்கத்தில் தகப்பனின் பெயர் ஒற்றை எழுத்தாக முன்னால் நிற்கும், பிள்ளையின் பெயர் முழுசாக வரும். கனடாவுக்கு வந்து படிவம் நிரப்பத் தொடங்கியபிறகு, தகப்பனின் பெயர் பின்னால் போய் முழுசாக உட்கார்ந்துகொண்டது. அண்ணையும் நானும் அகதிக் கேஸ் காலத்து ஆட்கள். பேப்பரில் உள்ளது உள்ளபடியே எழுதவேண்டும், ஒரு எழுத்து மாறினாலும் ஃபைல் திரும்பி வரும், ஃபைல் திரும்பினால் ஆளே திரும்பவேண்டி வரலாம் என்று பயந்து பயந்து எழுதின கைகள். ஆசுப்பத்திரியில் அபிஷனின் கையில் கட்டியிருந்த பட்டியிலும் முதலில் மகேஸ்வரன், பிறகு ஒரு எழுத்து. தாதிமார் அவனை மிஸ்டர் மகேஸ்வரன் என்றுதான் கூப்பிட்டார்கள்.

ஆகவே 'ஏ. மகேஸ்வரன்' என்று ஆங்கிலத்தில் எழுதினோம். இரண்டு பேரும் இரண்டு தரம் சரிபார்த்தோம். எங்கள் கண்ணுக்கு அது அபிஷனாகவே தெரிந்தது. அனுப்பிவிட்டு அண்ணை மிச்சப் புட்டைச் சாப்பிட்டார். அவர் சாப்பாட்டுப் பெட்டியை வெறுமையாக்கியதை அபிஷன் போனபிறகு நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

முதல் வருட நினைவான ஆட்டைத் திவசம் திதிப்படி இந்த வருடம் மே கடைசியில், ஒரு சனிக்கிழமை வந்தது. உலகக் கோப்பை ஆட்டங்கள் ரொறன்ரோவிலும் நடக்கப்போகின்றன என்று தெருவெல்லாம் கார்களில் கொடி. தவம் அக்கா முதல் நாளே பூசணிக்காயும் வாழைக்காயும் பயற்றங்காயும் வெட்டி வைத்திருந்தார். விடியப்புறம் அக்காவின் தமக்கை குணவதி அன்ரி வந்து வடைக்கு உழுந்து அரைத்தார். ஐயர் வந்து கிரியையை முடித்துக்கொண்டு போனார். படத்துக்கு முன்னால் படைத்து, தேவாரம் படித்து, சனம் சாப்பிட்டுக் கலைய மூன்று மணியாகிவிட்டது. கடைசியில் வீட்டு ஆட்களும் குணவதி அன்ரியும் நானும்தான்.

கல் பதித்தாயிற்று என்று படம் அந்த வாரம்தான் இமெயிலில் வந்திருந்தது. அண்ணை தேனுகாவிடம் போனைக் கொடுத்து, "பெரிய ரீவியிலை போடு பிள்ளை, எல்லாரும் பாக்கட்டும்" என்றார். அவர் முகத்தில் ஒரு வெட்கம், ஒரு பெருமை. ஒரு வருடமாகக் காணாத முகம்.

மழையில் நனைந்த சாம்பல் நிறக் கற்கள், வரிசையாக. நடுவில் ஒன்று.

குணவதி அன்ரி எட்டிப் பார்த்து எழுத்துக் கூட்டினார். "மகேஸ்வரன்... இது உம்மடை பேரெல்லே தம்பி?"

"அது அவன்ரை பேர் அக்கா. அபிஷனுக்குத்தான்..."

தேனுகா ரீவிக்குக் கிட்டப் போனாள். "அப்பா, வேர் இஸ் ஹீ? அபிஷன் எங்கை?"

"உதிலை முன்னுக்கு ஏ எண்டு..." என்று தொடங்கினவர் நிறுத்திவிட்டார். அப்போதுதான் அவர் அதை மற்ற ஆட்களின் கண்ணால் பார்த்தார். நானும் பார்த்தேன். எனக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போல் இருந்தது.

தவம் அக்கா குசினி வாசலில் வடைத் தட்டோடு நின்றார். தட்டை மேசையில் வைத்தார். முகம் வெளிறிப்போய்க் கிடந்தது.

"கழட்டச் சொல்லுங்கோ."

"தவம், அது..."

"இண்டைக்கே கழட்டச் சொல்லுங்கோ. உயிரோடை இருக்கிற மனுசன்ரை பேர். இண்டைக்குப் பாத்து வரவேணுமே?"

"உயிரோடை இருக்கிற ஆக்களும் போடுறவை அக்கா" என்றேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேலே போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்த ஒரு கிழமை அந்த வீடு வீடாக இல்லை. தவம் அக்கா கோயிலுக்குப் போய் அண்ணையின் நட்சத்திரத்துக்கு அர்ச்சனை செய்து நூல் கட்டிக்கொண்டு வந்தார். காலையில் கார் தெருமுனை திரும்பும்வரை சால்வையைப் போர்த்திக்கொண்டு வாசலில் நின்றார். ஷிஃப்ற்றுக்குள் மூன்று தரம் போன் வரும். "ஒண்டுமில்லை, சும்மா எடுத்தனான்" என்பார். பொம்பிளையின் பயம் என்று நான் நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

அண்ணைக்கு வேறு வேதனை. "பிள்ளைக்கெண்டு நான் செய்த ஒரே ஒரு காரியம் கிருபன். அதிலையும் என்ரை பேரைப் போட்டுக்கொண்டு நிக்கிறன்" என்றார். வழி காட்டினவன் நான்.

தேனுகா கழகத்துக்கு எழுதினாள். அங்கே ஸ்டெபனி என்ற பெண் அன்பாகவே பதில் போட்டிருந்தாள். கல்லை மாற்றலாம், என்ன பொறிப்பது என்று திங்கட்கிழமைக்குள் சொன்னால் போதும் என்று.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் குசினிச் சிங்குக்குக் கீழே தண்ணீர் ஒழுகுகிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் குறடோடு அலுமாரிக்குள் தலையைக் கொடுத்துப் படுத்துக்கிடந்தேன். தவம் அக்கா மேசையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அண்ணை வந்து கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். என்னுடைய கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததை இருவரும் மறந்துபோனார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

"பெரிய கல்லா எடுப்பம் தவம். அதிலை முழுப்பேரும் கொள்ளும். அபிஷன் மகேஸ்வரன் எண்டு."

"உங்கடை பேர் வேண்டாம்."

"அது அவன்ரை லாஸ்ற் நேம்."

"வேண்டாம் எண்டு சொல்லுறனெல்லே."

"நான் அவனுக்குத் தகப்பன் இல்லையே?" அண்ணையின் குரல் உயர்ந்தது. "ஒரு வருசமாப் பாக்கிறன். என்ரை முகத்தைப் பாத்துக் கதைக்கிறீரில்லை. தேத்தண்ணியை வைச்சிட்டுத் திரும்பிப் போறீர். இப்ப பேரும் ஆகாமல் போச்சு. நான் அவனை என்ன செய்தனான்? சொல்லும்."

கீரை ஆய்கிற சத்தம் நின்றது.

"நீங்கள் ஒண்டும் செய்யேல்லை. செய்தது நான்."

"என்ன கதை இது?"

"ஆசுப்பத்திரியிலை கும்பிடுற ரூம் ஒண்டு இருந்ததெல்லே. சாமிப்படம் ஒண்டும் இல்லாமல், ஒரு கம்பளமும் யன்னலும். கடைசிக் கிழமை. நீங்கள் வேலையாலை நேரை வந்து அதுக்குள்ளை கதிரையிலை நித்திரையாப் போனீங்கள். சாப்பாட்டுப் பை மடியிலை. வாய் திறந்தபடி. நான் உங்களைப் பாத்துக்கொண்டு நிண்டுதான் கேட்டனான்."

"என்னத்தை?"

"பிள்ளையை விடு, இந்த மனுசனைக் கொண்டுபோ எண்டு." அக்காவின் மூச்சு இழுத்தது. "பேர் சொல்லிக் கேட்டனான். மகேஸ்வரன் எண்டு முழுசாச் சொல்லி. முப்பது வருசம் எனக்கு உழைச்சுப் போட்ட மனுசனை. அண்டைக்கு அது கடவுளுக்குக் கேக்கேல்லை. இப்ப ஒரு வருசத்தாலை, எங்கடை இமிகிரேசன் பேப்பர் வந்த மாதிரி, எல்லாம் முடிஞ்சாப்போலை கல்லிலை எழுதி அனுப்பியிருக்கு. என்ரை விண்ணப்பம் இப்பத்தான் அங்கை போய்ச் சேர்ந்திருக்கு. இனி உங்களைக் கொண்டுபோகப் போகுது. நான் கேட்டபடியாலை கொண்டுபோகப் போகுது."

எனக்குக் கையில் இருந்த குறடு கனத்தது. வெளியே வரவும் முடியாது, அங்கே கிடக்கவும் முடியாது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அண்ணை கோபமில்லாத ஒரு குரலில் கேட்டார்.

"நீர் மட்டுமே கேட்டனீர்?"

அக்காவின் கதிரை லேசாகக் கிரீச்சிட்டது.

"நான் ஒவ்வொரு நாளும் கேட்டனான் தவம். வேலையாலை ஆசுப்பத்திரிக்கு வரேக்கை, காருக்குள்ளை. வாய்விட்டுத்தான் கேட்டனான். எனக்கு அறுபது வயசாகுது, முதுகும் முறிஞ்சு போச்சு, என்னை எடுத்தால் உனக்கென்ன குறை எண்டு சண்டை பிடிச்சனான். அண்டைக்கு அந்தக் கதிரையிலை நித்திரையாப் போக முந்தியும் அதைத்தான் கேட்டனான்." அவர் மூக்கை உறிஞ்சினார். "நீரும் கேட்டிருக்கிறீர், நானும் கேட்டிருக்கிறன். ஒரே அறைக்குள்ளை இருந்து, ஒரே ஆளைத்தான் குடுத்திருக்கிறம். வாங்கேல்லை. ரெண்டு பேர் கேட்டும் வாங்கேல்லை."

அதற்குப் பிறகு அவர் அழுதார். மகனை எரித்த அன்றைக்குக்கூட அவர் அப்படிச் சத்தம் வைத்து அழவில்லை. அக்கா எழும்பிப் போகும் சத்தம் கேட்டது, கண்ணைத் திறந்தபோது அண்ணையின் கதிரைக்குப் பக்கத்தில் அவருடைய கால்கள் வந்து நின்றதைக் கண்டேன். நானும் சிங்குக்குக் கீழே கிடந்து அழுதேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

தேனுகா படியில் நின்றிருக்கிறாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. அவளுடைய குரல் உடைந்துபோய் வந்தது.

"அம்மா, அவைக்கு இண்டைக்கு அனுப்போணும். வட் டூ ஐ றைற்?"

"அபிஷன் எண்டு போடச் சொல்லு."

"ஜஸ்ற் அபிஷன்? அப்பான்ரை பேர்?"

"அது அங்கை வேண்டாம் பிள்ளை" என்றார் தவம் அக்கா. "அப்பா எனக்கு இஞ்சை வேணும்."